கேஸ் வீட்டுப் புகை

முந்திரி ஓடு எரிகிற புகை முதலில் மூக்குக்கு வராது, தொண்டைக்குத்தான் வரும். மிளகாயைக் கிள்ளிப் போட்டதுபோல அங்கே ஒரு காரல் எடுத்து, அப்புறம் கண்ணில் நீர் கட்டி, கடைசியாகத்தான் அது ஒரு வாசனை என்பதே நமக்குத் தெரியவரும். எங்கள் வீட்டுச் சோற்றிலும் பாவாடையிலும் தலைமுடியிலும் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போன துணிப்பையிலும் அந்தக் காரல் ஏறியிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்த பெண் ஒரு நாள் என் சடையைத் தூக்கி முகர்ந்து பார்த்துவிட்டு, "ஒன் தலைக்குள்ள அடுப்பு எரியுதாடி?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. என்ன செய்வதென்று தெரியாமல் நானும் சிரித்துவைத்தேன். நாலு பேர் இருக்கிற இடத்தில் வாயைத் திறக்காமல் இருக்கிற பழக்கம் எனக்கு அன்றைக்குத்தான் வந்ததா, அதற்கு முன்பே இருந்ததா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை.

காடாம்புலியூரிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது எங்கள் ஊர். எந்தப் பக்கம் திரும்பினாலும் செம்மண்ணும் முந்திரியும்தான், இடையிடையே பலா. சில பேருக்கு முந்திரித் தோப்பு இருந்தது, மற்றவர்களுக்கு அந்தத் தோப்புகளில் வேலை இருந்தது. நாங்கள் வேலை இருந்தவர்கள். ஆனால் தோப்பு இருந்தவர்களில் எங்களுக்குச் சொந்தமும் இருந்தது. அம்மாவின் பெரியப்பா மகன் ஒருவர் முந்திரிக் "கொட்டாய்" வைத்திருந்தார். அம்மா அவரை அண்ணே என்பாள், நாங்கள் மாமா என்போம். அவர் மனைவி எங்களுக்கு அத்தை. சொந்தக்காரர் கொட்டாயில் வேலை செய்வதில் ஒரு வசதி, தீபாவளிக்குத் துணி கிடைக்கும். ஒரு தொந்தரவு, கூலியைப் பற்றி வாய் திறக்க முடியாது.

கொட்டாய் என்பது நீளமான தகரக் கூரை. ஒரு மூலையில் கொட்டை வறுக்கிற இரும்புப் பீப்பாய் தீயின்மேல் உருண்டுகொண்டிருக்கும். வறுபட்டுக் கறுத்து வரும் கொட்டைகளைக் குவித்துப்போட்டு, பெண்கள் சுற்றி உட்கார்ந்து, கட்டையால் தட்டி உடைத்துப் பருப்பு எடுப்பார்கள். ஓட்டு எண்ணெய் பட்டால் தோல் வெந்துவிடும், அதனால் கையில் சாம்பலைப் பூசிக்கொண்டுதான் உட்காருவார்கள். அப்படியும் அம்மாவின் விரல் நுனிகள் கறுத்து உரிந்து, சோறு பிசையும்போது அவளுக்கே சூடு தெரியாத கைகளாக ஆகியிருந்தன. எடுத்த பருப்பு மாமாவுக்கு, உடைத்த கூலி அம்மாவுக்கு. மிச்சமிருக்கிற ஓடு யாருக்கும் வேண்டாதது என்பதால் அதுவும் அம்மாவுக்கு. சாயங்காலம் வேலை முடிந்ததும் ஆளுக்கு ஒரு கூடை ஓடு அள்ளிக்கொண்டு போகலாம் என்பது கொட்டாயின் வழக்கம். வறுக்கும்போதே எண்ணெயில் பெரும்பகுதி எரிந்துபோயிருக்கும், ஆகவே ஒரு கைப்பிடி போட்டால் அடுப்பில் அடக்கமாக நின்று எரியும். புகை ஜாஸ்திதான். ஆனால் விறகுக்கு அடுத்தவர் தோப்பில் நின்று திட்டு வாங்க வேண்டியதில்லை.

அப்பா கடலூர் முதுநகரில் மூட்டை தூக்கினார், வாரத்துக்கு ஒரு தடவை வருவார். அம்மா விடிந்ததும் கொட்டாய்க்குப் போய்விடுவாள். அதனால் எங்கள் வீட்டு அடுப்பு அக்கா கஸ்தூரியின் பொறுப்பு. அக்கா என்னைவிட ஐந்து வயது மூத்தவள், எட்டாவதோடு நிறுத்தப்பட்டவள். மாநிறம், பெரிய கண். அந்தக் கண்ணைப் பார்த்து அத்தை, "இந்தக் கண்ணு எங்க வூட்டுக்கு வந்துடணும்" என்று சொல்வது வழக்கம். அத்தைக்கு ஒரே மகன், சிதம்பரத்தில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தார், அக்காவுக்கு முறை மாப்பிள்ளை. அத்தை எங்கே பார்த்தாலும் அக்காவை "மருமவளே" என்றுதான் கூப்பிடுவாள். கூட இருப்பவர்கள் சிரிப்பார்கள், அம்மாவும் சிரிப்பாள். அக்கா மட்டும் சிரிக்க மாட்டாள்; தாவணியைச் சரிசெய்துகொண்டு வேறு பக்கம் பார்ப்பாள்.

அந்த வருஷம்தான் மாமா வீட்டுக்குக் கேஸ் வந்தது. பண்ருட்டியிலிருந்து டிராக்டரில் வைத்துக் கொண்டுவந்தார்கள். அத்தை சிலிண்டருக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து, வாசலில் தேங்காய் உடைத்து உள்ளே எடுத்துப்போனாள். பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் அந்த அடுப்பிலேயே காபி போட்டுக் கொடுத்தாள். கொட்டாய் ஆட்களான நாங்கள் வழக்கம்போலப் பின்பக்கமாகப் போய், சமையலறை வாசற்படிக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தோம்.

"ஊதவே வேணாம் தனம். சட்டியில கரி புடிக்கல, கண்ணு எரியல. பட்டுப்பொடவ கட்டிக்கிட்டே சமைக்கலாம்" என்றாள் அத்தை. தனம் என்பது அம்மாவின் பெயர்.

திரும்பி வரும்போது கொட்டை உடைக்கும் பெண்களில் ஒருத்தி, "அடுப்பு தானா எரியுது சரி. சோறு தானா வாய்க்குள்ள போவுதான்னு கேட்டியா?" என்றாள். இன்னொருத்தி, "அதுக்குதான் மருமவ வரப்போறாளே" என்று அக்காவை இடித்தாள். ஊரில் அதற்கப்புறம் அந்த வீட்டுக்குப் பெயரே "கேஸ் வீடு" என்றாகிவிட்டது.

கேஸ் வந்த வீட்டில் கேஸுக்கென்று சில சட்டங்களும் வந்தன. குளிக்கிற வெந்நீரை அதில் வைக்கக் கூடாது. கருவாடு வறுக்கக் கூடாது, வீடெல்லாம் நாறும். ஆட்களுக்குக் கூழ் கிண்டக் கூடாது, மாட்டுக்குத் தவிடு காய்ச்சக் கூடாது. காபி, வீட்டு ஆட்களின் சோறு குழம்பு, விருந்தாளி வந்தால் பலகாரம், அவ்வளவுதான். மற்ற எல்லாமே பின்பக்கத்துத் தகரக் கொட்டகையில் இருந்த பெரிய விறகு அடுப்பில் முன்னைப்போலவே நடந்தன. புகை அந்த வீட்டைவிட்டுப் போய்விடவில்லை, சமையலறையைவிட்டு மட்டும்தான் போனது. இது இப்போது எனக்குத் தெரிகிறது. அன்றைக்கு, கேஸ் வீடு என்றால் புகையே இல்லாத வீடு என்றுதான் நாங்கள் எல்லோரும் நம்பினோம்.

ஐப்பசி மழை பிடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் கொட்டாயிலும் ஒரு மாற்றம் வந்தது. வறுக்கிற பீப்பாயை ஓரம் தள்ளிவிட்டு ஒரு பாய்லர் கொண்டுவந்து நிறுத்தினார்கள். இனிமேல் கொட்டையை வறுப்பதில்லை, ஆவியில் "அவிப்பது". அவித்த கொட்டையில் பருப்பு வெள்ளையாக வந்தது, உடையாமல் வந்தது. கொட்டையின் ஓடும் எண்ணெய் எரியாமல் அப்படியே வந்தது. அந்த எண்ணெய்க்கு வெளியூரில் ஆள் இருந்தார்கள். ஓட்டைப் பிழிந்து எண்ணெய் எடுக்கிற மில்லிலிருந்து லாரி வர ஆரம்பித்தது. நேற்றுவரை குப்பையாக இருந்தது ஒரே வாரத்தில் சரக்காகிவிட்டது. மாமா வந்து, "ஓட்ட இனிமே யாரும் தொடாதீங்க, மில்லுக்குப் போவுது" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போனார். "அப்ப எங்க அடுப்புல எதப் போடறது, எங்க கால நீட்றதா?" என்று ஒருத்தி முணுமுணுத்தாள். அவர் காதில் விழாத அளவுக்குத்தான் முணுமுணுத்தாள்.

பெண்கள் முந்திரிக்காட்டில் "செத்தை" அரிக்கப் போனார்கள், உதிர்ந்து காய்ந்த இலையும் சுள்ளியும். மழை பிடித்துக்கொண்ட பிறகு செத்தையும் நனைந்துவிட்டது. நனைந்த செத்தை எரியாது, புகைந்துகொண்டே இருக்கும். மழை இல்லாத நாட்களில் அடுப்பு வாசலில் இருக்கும். மழைக்காலத்தில் எங்களுக்கு இருந்த ஒரே அறைக்குள் வந்துவிடும். படுப்பதும் படிப்பதும் சமைப்பதும் அங்கேதான். காலையில் அந்த அறையில் இடுப்புக்கு மேலே புகை நிற்கும், நாங்கள் குனிந்து நடப்போம்.

அத்தை கெட்டவள் என்று எழுதிவிட்டால் எனக்கு எழுதுவது சுலபமாகிவிடும். ஆனால் அந்த மழையில் அம்மா ஈரச் செத்தையைத் தலையில் வைத்துக்கொண்டு போவதைப் பார்த்துக் கூப்பிட்டு, "ஒனக்கு இல்லாததா தனம்? ஒங்க அண்ணனுக்குத் தெரியாம ஒரு கூட ஓடு அள்ளிக்கிட்டுப் போ" என்று சொன்னதும் அத்தைதான். அம்மா கூடையின் மேலே செத்தையைப் போட்டு மூடி எடுத்து வந்தாள். அன்றைக்கு எங்கள் வீட்டில் எல்லோர் முகத்திலும் சிரிப்பு இருந்தது.

வறுத்த ஓட்டுக்கும் அவித்த ஓட்டுக்கும் இருக்கிற வித்தியாசம் எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அவித்த ஓட்டை வீட்டு அடுப்பில் போட்டுப் பார்த்தவர்கள் அதுவரை எங்கள் ஊரில் யாரும் இல்லை. மறுநாள் காலை உலை வைத்துவிட்டு, அக்கா எப்போதும் போடுகிற அதே கைப்பிடி ஓட்டை அடுப்புக்குள் போட்டாள். உடனே பிடிக்கவில்லை. உஸ்ஸென்று இரைந்துகொண்டு கறுப்பாகப் புகை மட்டும் வந்தது. அக்கா குனிந்து ஊதினாள். நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிச் சோற்றுக்காகக் காத்துக்கொண்டு பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். இரண்டாவது தடவை அவள் ஊதியபோது அடுப்பு மொத்தமும் ஒரே மூச்சில் பற்றிக்கொண்டது. ஓடுகள் பட்பட்டென்று வெடித்து எண்ணெயைக் கக்கின. அக்கா கத்தவில்லை. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, "சின்னவளே, தண்ணி" என்று மட்டும் சொன்னாள்.

இடது கன்னத்திலும் இடது கண்ணிலும் எண்ணெய் தெறித்திருந்தது. பக்கத்து வீட்டில் கைப்பிள்ளைக்காரி ஒருத்தி ஓடிவந்து தாய்ப்பாலைப் பீய்ச்சிக் கண்ணில் விட்டாள். கொட்டாயிலிருந்து அம்மாவை அழைத்து வந்து, பஸ் பிடித்துப் பண்ருட்டிக்கும் அங்கிருந்து கடலூர் ஆஸ்பத்திரிக்கும் போனோம். அங்கே சில நாள் வைத்திருந்து, கண்ணுக்கு மருந்து போட்டுக் கட்டி அனுப்பினார்கள். அனுப்பும்போது அங்கிருந்த டாக்டரம்மா அம்மாவிடம் பொறுமையாகத்தான் சொன்னார். "புண்ணு ஆறிக்கிட்டு வருது. ஆறி முடியிற வரைக்கும் கண்ணுல புகை படவே கூடாது. பட்டா மறுபடியும் புண்ணாகும், அப்புறம் பார்வைக்கு நான் பொறுப்பு சொல்ல முடியாது. வீட்டுல என்ன அடுப்பு? கேஸா, ஸ்டவ்வா?"

பாயில் படுக்கிற எங்களிடம் எந்தக் கட்டில் வசதி என்று கேட்டதுபோல அந்தக் கேள்வி எனக்குப் பட்டது. "பாத்துக்கறேம்மா" என்று சொல்லிவிட்டு அம்மா எழுந்துகொண்டாள்.

வீட்டுக்கு வந்தோம். வெளியே அடைமழை, உள்ளே ஒரே அறை, அதற்குள் அடுப்பு. அக்கா சமைக்காமல் இருக்கலாம், மூச்சு விடாமல் இருக்க முடியாது. அம்மா அன்று மத்தியானமே என்னைக் கூட்டிக்கொண்டு கேஸ் வீட்டுக்குப் போனாள். அந்த வீட்டுப் பரணில் ஒரு திரி ஸ்டவ் கிடந்தது, கேஸ் வந்த பிறகு தூக்கி மேலே போட்டது. அம்மா அதைத்தான் கேட்டாள். மழைக்காலம் முடிந்ததும் துடைத்துக் கொண்டுவந்து கொடுத்துவிடுவதாகச் சொன்னாள். ரேஷனில் போடுகிற மண்ணெண்ணெயை விளக்குக்கு வைக்காமல் ஸ்டவ்வுக்கே ஊற்றிக்கொள்ளலாம், இருட்டில் இருந்தாலும் பரவாயில்லை என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தாள்.

அத்தை பரணை அண்ணாந்து பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அடுப்ப வெளிய குடுக்கறது ஆவாது தனம். கல்யாணம் ஆவ வேண்டிய புள்ள வூட்டுல இருக்குது. பொழங்குன அடுப்ப இன்னொரு வூட்டுக்கு அனுப்புனா வர்ற மருமவ தங்க மாட்டாம்பாங்க" என்றாள்.

அப்படி ஒரு நம்பிக்கை எங்கள் பக்கம் உண்டு. அம்மாவுமே அதை நம்புகிறவள்தான். வருகிற மருமகள் யார் என்று அத்தையின் இதே வாய் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறதே என்பது ஒரு நிமிஷம் அந்த இடத்தில் நின்றது. அத்தைக்கும் அது தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் அவள் உடனே, "ஸ்டவ் என்னாத்துக்கு? புள்ளய இங்க அனுப்பு. எங்க வூட்டுலதான் பொகையே இல்லியே. கண்ணு ஆறுற வரைக்கும் இருக்கட்டும், நான் பாத்துக்கறேன்" என்றாள்.

அம்மா அத்தையின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அன்று சாயங்காலமே அக்கா மாற்றுத் துணியை ஒரு பையில் போட்டுக்கொண்டு, ஒற்றைக் கண்ணால் சேற்றைப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்துப் போனாள். முகத்தில் காயத்தோடு போகிறாளே தவிர, அவள் போன நடையில் புகுந்த வீட்டுக்குப் போகிறவளின் சாயல் இருந்தது. அது எனக்குக்கூடப் புரிந்தது.

கொஞ்ச நாள் கழித்து, பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் நான் அவளைப் பார்க்கப் போனேன். பின்பக்கமாகத்தான் போனேன், எங்களுக்கு அதுதான் வழி. தகரக் கொட்டகையில் மழைச்சாரல் அடித்துக்கொண்டிருந்தது. பெரிய அடுப்பில் ஆட்களுக்குக் கூழ்ப்பானை ஏறியிருந்தது, அடுப்பின் இன்னொரு வாயில் வெந்நீர் அண்டா. நனைந்த முந்திரிக் கட்டைகள் நுரை கக்கிக்கொண்டு புகைந்தன. அந்தப் புகைக்கு நடுவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அக்கா ஊதிக்கொண்டிருந்தாள். இடது கண்ணின் மேல் கட்டியிருந்த வெள்ளைத் துணி கரி பிடித்துப் பழுப்பாகியிருந்தது.

"என்னாக்கா, இங்க பொகையே இல்லன்னாங்க" என்றேன்.

"உள்ள இல்லடி" என்றாள் அக்கா. "நான்தான் உள்ள இல்ல."

அதைச் சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது, சிரிப்போடு இருமலும் வந்தது. அத்தை திட்டுவதில்லை, வயிறாரச் சோறு போடுகிறாள், படுக்கப் பாய் கொடுத்திருக்கிறாள், அம்மாவிடம் ஒன்றும் சொல்லாதே என்றாள். நான் நேராகக் கொட்டாய்க்குப் போய் அம்மாவிடம் சொன்னேன்.

அம்மா கையில் சாம்பலோடு எழுந்து வந்தாள். ஓடவில்லை, சத்தம் போடவில்லை. கொட்டகைக்குள் போய் அக்காவைத் தூக்கி நிறுத்தினாள். ஆள் அரவம் கேட்டு அத்தை சமையலறை வாசலுக்கு வந்தாள். அவளுக்குப் பின்னால் கேஸ் அடுப்பில் ஏதோ தாளிக்கிற வாசனை வந்தது.

"என்னா தனம் இது? ரெண்டு கட்டயத் தள்ளிவுடறா, அதுக்கா இப்டி வர்ற? வயசுக்கு வந்த பொண்ணு சும்மா குந்திக்கிட்டுத் தின்னா நல்லாவா இருக்கும்?"

"கண்ணுக்குதான் அண்ணி வுட்டேன்."

"ஒன் வூட்டுல மட்டும் பொக இல்லியா? அங்க இதவிட ஜாஸ்தி."

"எங்க வூட்டுல பொக இருக்கறது எனக்குத் தெரியும் அண்ணி. இங்க இல்லன்னு சொன்னது நீங்க."

"அதுக்குன்னு ஆளுங்களுக்குக் கூழையும் கேஸ்லயே காய்ச்சச் சொல்றியா? சிலிண்டர் என்னா மரத்துலயா காய்க்குது?"

அம்மா அக்காவின் கண்ணிலிருந்து அந்தத் துணியை அவிழ்த்து, தன் முந்தானையில் சுத்தமான பக்கத்தைத் தேடித் துடைத்தாள். சுத்தமான பக்கம் கிடைக்காததால் என் தாவணித் தலைப்பை இழுத்து அதனால் துடைத்தாள். "வரோம் அண்ணி" என்று சொல்லிவிட்டு எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அம்மா அதற்குப் பிறகு மாமா கொட்டாய்க்குப் போகவில்லை, அவர்களும் கூப்பிடவில்லை.

அந்த மழைக்காலத்தின் மீதி நாட்களில் நாங்கள் செய்ததை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அம்மா ஒரு நாளைக்கு ஒரே தடவைதான் அடுப்பு மூட்டுவாள். அவள் மூட்டுவதற்கு முன்னால் நான் அக்காவைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் ஊர் முனையில் இருக்கும் பஸ் நிழற்குடையில் உட்காரவைப்பேன். அது சிமெண்டால் கட்டியது, மூன்று பக்கம் சுவர் இருந்தது, எங்கள் ஊரில் ஏழைகளும் போய்ச் சும்மா உட்காரக்கூடிய புகையில்லாத இடம் அது ஒன்றுதான். பண்ருட்டிக்குப் பஸ் ஏற வருகிறவர்கள், "எங்க புள்ளைங்களா போறீங்க?" என்று கேட்பார்கள். எங்கேயும் இல்லை என்போம். கண்டக்டர் விசில் ஊதி எங்களைப் பார்ப்பார், நாங்கள் தலையை ஆட்டுவோம், பஸ் போய்விடும். வீட்டில் புகை அடங்கியிருக்கும் என்று தோன்றும்வரை அப்படியே இருந்துவிட்டுத் திரும்பி வந்து ஆறிய சோற்றைத் தின்போம். "பஸ்ஸு வர்றதுக்குள்ள கண்ணு தெரிஞ்சிட்டா நாம நெசமாவே ஏறிப் போயிடலாம்டி" என்று அக்கா ஒரு நாள் சொன்னாள். எங்கே போவது என்று நான் கேட்டேன். "எங்கயாவது. கடலூருக்கு. கடல் பாக்க" என்றாள்.

தை பிறப்பதற்குள் அக்காவின் இடது கண்ணில் "பூ" விழுந்துவிட்டது. கருவிழியின்மேல் வெள்ளையாக ஒரு பொட்டு படர்ந்து மூடிக்கொண்டது. டாக்டரம்மா பார்த்துவிட்டு இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்றார். முதல் நாள் தெறித்த எண்ணெயா, எங்கள் அறையில் பட்ட புகையா, கேஸ் வீட்டுப் பின்பக்கத்தில் பட்ட புகையா, எது அந்தக் கண்ணைக் கெடுத்தது என்று அம்மா கேட்கவில்லை. கேட்டாலும் அவராலும் சொல்ல முடிந்திருக்காது. அந்த ஒரு காரணத்தால் எல்லோருக்கும் வசதியாகப் போயிற்று. அத்தை கடைசிவரை, "அன்னிக்குத் தெறிச்சதுதான், பாவம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள்.

அதற்கப்புறம் அத்தை அக்காவைக் கஸ்தூரி என்று பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தாள். யாரும் எதையும் முறிக்கவில்லை, முறிப்பதற்கு எதுவும் பேசப்பட்டிருக்கவும் இல்லை. மகனுக்கு விருத்தாசலம் பக்கத்தில் பெண் எடுத்தார்கள். அத்தை வெற்றிலை பாக்கோடு வந்து அழைத்துவிட்டு, "கஸ்தூரி முன்னாடியே வந்து பந்திப் பக்கம் கொஞ்சம் பாத்துக்கட்டும்" என்றாள். அக்கா சரி என்றாள். கல்யாணத்தன்று முன்னாடியே போகவில்லை. நேரத்துக்குப் போய், முதல் பந்தியில் முதல் இலையில் உட்கார்ந்து, பாயசம்வரை நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு, கை கழுவிய ஈரத்தோடு வீட்டுக்கு வந்துவிட்டாள். அவள் வாழ்க்கையில் யார்மேலாவது கோபத்தைக் காட்டினாள் என்றால் அந்த ஒரு தடவைதான்.

பிறகு அவளை அண்ணாகிராமம் பக்கத்தில் ஒருவருக்கு இரண்டாம் தாரமாகக் கொடுத்தோம். ஒற்றைக் கண்ணோடு போன வீட்டிலும் அவளுக்குக் காத்திருந்தது செத்தை அடுப்புதான். நான் பத்தாவதோடு நின்று, தையல் கற்றுக்கொண்டு, கல்யாணமாகிச் சிதம்பரம் வந்தேன். ரயிலடிக்குப் பக்கத்தில் ஒரு வாடகைப் போர்ஷனில் இருக்கிறோம். எனக்குக் கேஸ் இருக்கிறது. ஒவ்வொரு தடவை சிலிண்டர் மாற்றும்போதும் ஜாக்கெட் தைத்த காசிலிருந்து எடுத்துக் கொடுக்கிறேன், கொடுத்துவிட முடிகிறது.

அக்காவுக்கும் கேஸ் வந்தது, இலவசமாகவே வந்தது. பந்தல் போட்டு, வரிசையில் நிற்கவைத்துப் போட்டோ எடுத்துக் கொடுத்தார்கள். முதல் சிலிண்டர் தீர்ந்த பிறகு அடுத்தது வாங்க அவளால் முடிந்தது எப்போதாவதுதான். மற்ற நாட்களில் அது மூலையில் நிற்கிறது, அதன்மேல் பலகை போட்டு அரிசி டப்பாவை வைத்திருக்கிறாள். கேஸ் இருக்கிற வீடு என்று ஆகிவிட்டதால் ரேஷனில் மண்ணெண்ணெயும் கிடையாது. ஊரில் இப்போது முந்திரி ஓட்டை யாரும் வீட்டில் எரிப்பதில்லை. எல்லோர் வீட்டிலும் கேஸ் எரிகிறது என்பதால் அல்ல; ஓடு மொத்தமும் மில்லுக்குப் போகிறது, கூடையில் அள்ளிவந்த காலம் போயிற்று. தோப்புகளுக்கு முள்கம்பி போட்டுவிட்டார்கள், செத்தையைக்கூட ஏலம் விட்டுச் செங்கல் சூளைக்கு ஏற்றுகிறார்கள். எங்கள் பழைய வீடு இருந்த இடத்தில் இப்போது கொட்டாயின் கிடங்கு இருக்கிறது. அம்மா இல்லை, அத்தையும் இல்லை. அத்தை கடைசியில் மூச்சுத்திணறலில் போனாள் என்றார்கள். பின்பக்கத்துப் புகை அந்த வீட்டுக்குள்ளும் வந்துகொண்டுதான் இருந்தது போலும்.

போன மாதம் அக்காவை இங்கே அழைத்து வந்திருந்தேன். வலது கண்ணிலும் புரை விழ ஆரம்பித்திருக்கிறது, சிதம்பரத்தில் காட்டலாம் என்று. காலையில் நான் தலை முடிந்துகொண்டு வருவதற்குள் அவள் சமையலறையில் இருந்தாள். பாலைக் காய்ச்சி வைக்கலாம் என்று நினைத்திருக்கிறாள். கிழக்கு ஜன்னல் வழியாக வெயில் நேராக அடுப்பின்மேல் விழுந்துகொண்டிருந்தது. அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது, ஆனால் அவள் இன்னொரு தீக்குச்சியை உரசிக்கொண்டிருந்தாள்.

"எரியுதுக்கா" என்றேன்.

"எரியுதா? எனக்கு ஒண்ணுமே தெரியலியே" என்றாள். "பொகஞ்சாவாவது தெரியும்."

தீக்குச்சியை ஊதி அணைத்துக் கீழே வைத்தாள். முகத்தைத் திருப்பி வலது கண்ணை அடுப்புப் பக்கம் கொண்டுவந்து பார்த்தாள். பிறகு உள்ளங்கையை விரித்து, மேலிருந்து மெல்ல மெல்ல இறக்கினாள். சூடு பட்டதும் கையை இழுத்துக்கொண்டாள். பால் பாத்திரத்தை எடுத்தவள், தீ எந்த இடத்தில் இருக்கிறது என்று இன்னொரு தடவை கையால் பார்த்துக்கொண்டு, அதன்மேல் வைத்தாள்.